செவலை கொடுத்த அசை

மத்தியானத் தூக்கத்திலிருந்து சுடலைவடிவு சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். எதனால் முழிப்பு வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே ஐப்பசி மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ஓட்டு நுனியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அண்டாவில் விழுகிற சத்தமும், பக்கத்து அறையில் மகள் முத்துராணி புரண்டு படுக்கும்போது கட்டில் முனகுகிற சத்தமும், சீவலப்பேரித் திருப்பத்தில் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தமும் எல்லாம் வழக்கம்போலத்தான் கேட்டன. கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்த பிறகுதான் எது குறைகிறது என்று பிடிபட்டது. புறவாசல் தொழுவில் மூன்று மாடுகள் அசை போடுகிற சத்தம் வர வேண்டும். ஒரு மாடு மெல்லுகிற சத்தம்தான் வந்தது.

கதவைத் திறந்து தொழுவுக்குப் போனாள். ஈரச் சாணமும் நனைந்த வைக்கோலும் கலந்த வாடையில், அரை இருட்டில், செவலைப் பசு மட்டும் படுத்துக்கொண்டு கண் சொருகி மென்றுகொண்டிருந்தது. மயிலைப் பசு நின்றபடி நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து வைத்திருந்தது. எருமை வாசலைப் பார்த்து நின்றது. பார்த்ததே தவிர, அவள் அதன் முகத்துக்கு நேரே கையை ஆட்டியபோது இமை அடிக்கவில்லை. இரண்டின் தாடையும் சும்மா இருந்தன. மயிலையின் இடது வயிற்றுப் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துப் பார்த்தாள். நல்ல வயிறாக இருந்தால் நிமிஷத்துக்கு ஒரு தரமாவது உள்ளே ஒன்று புரண்டு முஷ்டியைத் தள்ளும். ஐந்து நிமிஷம் வைத்திருந்தாள். ஒன்றும் தள்ளவில்லை.

"எந்தப் பாவியோ என்னத்தையோ வச்சிட்டான்" என்றாள். எந்தப் பாவி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகப்படுவதில் சுடலைவடிவை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் கிடையாது. சொசைட்டியின் பால்மானி, ரேஷன் கடைத் தராசு, சம்பந்தி வீட்டுச் சிரிப்பு, எதையும் இரண்டு தரம் பார்த்துத்தான் நம்புவாள். புருஷன் போன பிறகு ஒற்றைப் பொம்பளையாக மாட்டையும் மகளையும் காப்பாற்றினவளுக்கு அந்தக் குணம் இல்லாமல் தீராது. இப்போது அவளுடைய சந்தேகம் முழுவதும் அடுத்த வாழைத் தோட்டத்துக்காரர் தளவாய் மேல். போன வாரம்தான் அவர், ஆற்றங்கரையில் உடைமரம் மண்டிய உடங்காட்டுக்கு மாடுகள் போகிற தடத்தில் முள்கம்பி வேலி இழுத்துக் கட்டினார். ஏன் என்று கேட்டதற்கு, "உன் மாட்ட வீட்டோட கட்டு தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வேலிக்கும் செவலை அடங்கவில்லை. எந்த இடுக்கிலோ நுழைந்து போய் வந்துகொண்டுதான் இருந்தது. அப்படிப்பட்ட மாட்டுக்கு விஷம்தானே வைப்பார்கள்? விஷம் வைத்தவன் செவலையை விட்டுவிட்டு வீட்டோடு கிடந்த மற்ற இரண்டுக்கும் ஏன் வைத்தான் என்ற கேள்வி அவளுக்குத் தோன்றவில்லை. ஒரே தொட்டியில் செவலை வாயைக் கழுவிய தண்ணீரைத்தான் அவை குடிக்கின்றன என்பதும் தோன்றவில்லை.

மாட்டோடு போகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டாள். முத்துராணிக்கு இது ஏழாம் மாசம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இரண்டு தரம் தங்கி, இரண்டு தரமும் பாதியிலேயே போனது. இது மூன்றாவது. வளைகாப்புப் போட்டுக் கூட்டி வந்து இருபது நாளாகியும் வாந்தி நிற்கவில்லை. உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தது. எடை ஏறவில்லை என்றால் பிள்ளைக்கு ஆபத்து என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இந்தப் பிள்ளையையும் பறிகொடுத்தால் மகள் எழுந்திருக்க மாட்டாள் என்று சுடலைவடிவுக்குத் தெரியும். சோறு தங்காத அந்த வயிற்றில் கொஞ்சமாவது தங்குவது செவலைப் பாலில் போட்ட தயிர் ஒன்றுதான்.

அசை தப்பிப்போன மாட்டுக்கு அவள் பிறந்த வீட்டில் ஒரு வைத்தியம் உண்டு. நன்றாக அசை போடுகிற மாட்டின் வாயிலிருந்து அசையை எடுத்து, தப்பிப்போன மாட்டின் வாயில் வைத்துவிட வேண்டும். நல்ல வயிற்றில் இருப்பது கெட்ட வயிற்றில் போய்க் குடியேறி அதைச் சரியாக்கிவிடும். மாட்டாஸ்பத்திரியிலும் குழாய் விட்டு ஏறக்குறைய இதையேதான் செய்கிறார்கள். வீட்டில் கையால் செய்தது தெரிந்தால் மட்டும் திட்டுவார்கள்.

செவலையின் தலைமாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அதன் கழுத்துக்குள் உருண்டை ஒன்று கீழிருந்து ஏறி வாய்க்கு வந்ததும், இடது கையால் நாக்கை ஓரமாக இழுத்துப் பிடித்து, வலது கையைக் கன்னத்துக்குள் விட்டு, சூடாக இருந்ததை வழித்தெடுத்தாள். அசை என்றால் பச்சையாக, புளித்த புல் வாடையோடு, நார் நாராக இருக்கும். இதில் நாரே இல்லை. சாம்பல் நிறத்தில், அம்மியில் அரைத்தது போல நைசாக இருந்தது. பழைய செம்புக் காசைக் கைக்குள் பொத்தி வைத்துத் திறந்தால் வருமே, அந்த வாடை. ஊரையே சந்தேகப்படுகிறவள் தன் கையை மட்டும் என்றைக்கும் சந்தேகப்பட்டதில்லை. வைக்கோல் மழையில் நனைந்ததால் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு, பாதியை மயிலைக்கும் பாதியை எருமைக்கும் வாயில் திணித்து, விழுங்குகிறவரை தாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அண்டாத் தண்ணீரில் கையை அலசினாள். அலசினாளே தவிரக் கழுவவில்லை. அசை எடுத்த கைக்கு மூன்று நாள் சோப்புப் போடக் கூடாது. போட்டால் கொடுத்த அசை முறிந்துவிடும். அதுவும் பிறந்த வீட்டு வழக்கம்தான்.

விளக்கு வைத்த பிறகு தயிர்ச்சோற்றைக் குழையப் பிசைந்து, உருட்டி உருட்டி மகளுக்கு ஊட்டினாள். நாலாவது வாய்க்கே ஓங்கரித்துக்கொண்டு புறவாசலுக்கு ஓடுகிறவள், அன்றைக்குக் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.

"இன்னும் வாங்கிக்கிடுதியாட்டி?"

"குடும்மா. இன்னைக்குக் கை மணமா இருக்கு."

சுடலைவடிவுக்குக் கண் கலங்கிவிட்டது. மிச்சத்தையும் வழித்துக் கொடுத்தாள். அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக முத்துராணி சூப்பிவிட்டுத்தான் விட்டாள்.

மறுநாள் காலை தொழுவில் மூன்று மாடும் அசை போட்டன. சத்தம் கேட்டபோது வந்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரையும் நம்ப முடியாததால் மயிலையிடமே சொன்னாள். அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைதான் நின்றது. காலையில் போட்ட வைக்கோல் போட்டபடியே கிடந்தது. தவிட்டுத் தண்ணீரில் ஆடை படிந்திருந்தது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றும் ஒரு வாய் தின்னவில்லை, ஆனால் விடாமல் மென்றுகொண்டிருந்தன. வயிற்றில் ஒன்றுமில்லாத மாடு எதை எடுத்து மெல்லும்?

யாரோ விடியற்காலையில் வந்து எதையோ போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று முடிவு கட்டினாள். அந்த யாரோவுக்கும் தளவாயின் முகம்தான். மூன்றாம் நாள் கோழி கூப்பிடும் முன்னே எழுந்து, கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வைக்கோல் படப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். கொசு பிடுங்கியது. ஆற்றுப் பக்கமிருந்து வருகிற ஈரக் காற்றில் வாழைத்தார் வாடையும், அதற்கு அடியில் வேறு ஒரு வாடையும் மெதுவாக வந்து போயின; பட்டறையில் பொறி பறக்க இரும்பை உரசினால் வருகிற வாடை அது. வெளுக்கிறவரை ஒருத்தரும் வரவில்லை.

எருமை தகரக் கதவை நக்கிக்கொண்டிருந்தது. பெயிண்ட் போய்த் தகரம் பளபளத்தது. மயிலை கட்டுச் சங்கிலியை வாய்க்குள் சுருட்டி வைத்திருந்தது. பிறகு இரண்டும் அதை விட்டுவிட்டுச் செவலை பக்கத்தில் படுத்தன. மெல்ல ஆரம்பித்தன. அவள் முதலில் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு வேறெதையும் பார்க்க முடியவில்லை. மாட்டுக்கு மாடு மெல்லுகிற வேகம் மாறும். எருமை பையத்தான் மெல்லும். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் இடது பக்கம் தாடையைத் தள்ளின. ஒரே நேரத்தில் நிறுத்தின. ஒரே நேரத்தில் விழுங்கின. கொஞ்சம் பொறுத்து மூன்று கழுத்திலும் ஒரே நேரத்தில் உருண்டை ஏறியது.

அன்றைக்கே அரசு மாட்டாஸ்பத்திரி டாக்டர் எப்சிக்குப் போன் போட்டாள். நாசரேத் ஊர்ப் பிள்ளை, வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான், ஆனால் மாட்டைத் தொடுகிற விதத்திலேயே கைராசிக்காரி என்று ஊர் சொல்லிவிட்டது. ஸ்கூட்டியை நிறுத்தி வந்தவள், மயிலையின் வாய்வழியாகக் குழாய் விட்டு இரைப்பைத் தண்ணீரை எடுத்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து, பையிலிருந்த சின்ன மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுல விதவிதமா கிருமி ஓடித் திரியணும்க்கா. நல்ல கிருமி. வைக்கோலச் செரிக்க வைக்குததே அதுகதான்." சொல்லிவிட்டு மற்ற இரண்டு மாடுகளின் தண்ணீரையும் பார்த்தாள். "நீங்க மாட்டுக்கு ஏதும் குடுத்தியளா?"

"ஒண்ணும் குடுக்கல."

"கைவைத்தியம் ஏதும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தாயி." ஏன் பொய் சொன்னாள் என்று கேட்டால், திட்டு வாங்கப் பயந்துதான். இந்தச் சின்னப் பிள்ளைக்குத் தளவாய் சொல்லிக் கொடுத்துத்தான் இப்படித் துருவித் துருவிக் கேட்கிறாளோ என்றும் ஒரு மூலையில் ஓடியது.

எப்சி எழுந்து இடம் கொடுத்தாள். சுடலைவடிவு ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெளிச்ச வட்டத்துக்குள் சாம்பல் புள்ளிகள். எல்லாம் ஒரே மாதிரி. எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. நின்றன. மறுபடி அதே பக்கம் சாய்ந்தன.

"காலேஜ் லேபுக்கு அனுப்புதேன்க்கா. அதுவரைக்கும் பால் யாரும் குடிக்காதிய. கர்ப்பிணிப் பிள்ளை இருக்கால்லா, அவளுக்குக் குடுக்கவே குடுக்காதிய."

இதை மட்டும் அவள் சந்தேகப்படவில்லை. பாலையும் தயிரையும் அப்போதே சாக்கடையில் கொட்டினாள். தன் பிள்ளைக்கு வரவிருந்ததைத் தடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக மூச்சுவிட்டாள். முத்துராணிக்கோ ஒரு குறையும் இல்லை. வாந்தி நின்றுவிட்டது. கன்னம் மினுமினுத்தது. ரசஞ்சோறு பிசைந்து கொண்டுபோனால் நாலு வாய் வாங்கிக்கொண்டு, சோற்றை ஒதுக்கிவிட்டு விரலை மட்டும் சூப்பினாள். "போதும்மா, வயிறு நிறைஞ்சிருக்கு" என்றாள். அதற்கடுத்த நாள் சோறே வேண்டாம் என்றாள். வீட்டுச் சாவிக்கொத்தைக் காணோம் என்று சுடலைவடிவு வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடினாள். மகளின் தலையணைக்கு அடியில் கிடைத்தது. சாவிகள் ஈரமாக இருந்தன. மசக்கையில் சிலது சாம்பலைத் தின்னும், சிலது மண்ணைத் தின்னும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். ஆனால் அன்றையிலிருந்து மகள் முகத்தைப் பார்த்துப் பேசுவதை அவளை அறியாமலே குறைத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் பொறுக்க முடியாமல் தளவாயின் தோட்டத்துக்கே போய் நின்றாள்.

"அண்ணாச்சி, எம் மாட்டுக்கு என்னத்த வச்சிய? நேரா சொல்லிருங்க."

தளவாய் அறுத்த வாழை இலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"உடங்காட்டுக்குள்ள ஒரு பட்டறை இருந்துச்சுல்லா, பழைய பேட்டரிய உடைச்சு ஈயம் உருக்குவான். அவன் ஓடிப்போயி நாலு வருசமாச்சு. சாம்பலப் பூராவும் குழி தோண்டி மூடிட்டுப் போயிட்டான். போன வருசம் ஆத்துல வந்த பெரிய வெள்ளத்துல குழி திறந்துக்கிட்டு. அது இனிக்கும்போல தாயி. என் ஆடு நாலும் அதை நக்கி நக்கித்தான் செத்துது. உன் செவலை தினம் அங்கன போயி நிக்கும். ஒரு வருசமா நக்குது. அதுக்கு மட்டும் ஒண்ணும் ஆகல." வேலியைக் காட்டினார். "அதான் எனக்குப் பயமாயிட்டு. வேலியப் போட்டேன். சொன்னா நீ நம்பவா போற?"

 இடுப்பில் போன் அடித்தது. எப்சி.

"அக்கா, ரிசல்ட் வந்துட்டு. ஈயம். இம்புட்டு ஈயத்துக்கு மாடு செத்திருக்கணும். வயித்துல இருக்க வேண்டிய கிருமி பூராவும் செத்துட்டு, ஒண்ணே ஒண்ணு மட்டும் ஈயத்துக்குப் பழகிப் பெருகியிருக்கு. அந்த மாதிரி அவங்க பாத்ததே இல்லைங்காவ. மூணு மாட்டுலயும் அதே ஒண்ணு. தொட்டித் தண்ணி வழியா ஈயம் போயிருக்கலாம், ஆனா இந்தக் கிருமி அப்படிப் போகாது. வயித்துல இருந்து வயித்துக்குத்தான் போகும். அக்கா, மறைக்காதிய. செவலைட்ட இருந்து அசை எடுத்துக் குடுத்தியளா?"

"குடுத்தேன்."

"கையாலயா?"

 சுடலைவடிவு போன் எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்தாள். மாற்றிப் பிடித்தாள்.

"கையச் சோப்புப் போட்டுக் கழுவினியள்லா? அக்கா? அந்தக் கையால யாருக்கும் எதுவும் குடுக்கலையே?"

ஓடினாள். செருப்பு தோட்டத்துச் சேற்றிலேயே நின்றுவிட்டது. தளவாய் பின்னாலிருந்து கூப்பிட்டதும், போனுக்குள் எப்சி கூப்பிட்டதும் கேட்டன, நிற்கவில்லை. ஊரெல்லாம் சுற்றித் தேடிய பாவி தன் தோளில் தொங்கிக்கொண்டு கூடவே ஓடி வருவது போல வலது கை கனத்தது. இரண்டு பிள்ளை போனதுக்குக் கடவுளைத் திட்டினாளே. மூன்றாவதற்கு யாரைத் திட்டுவாள்?

வீட்டில் விளக்கு ஏற்றவில்லை.

"ஏட்டி முத்து."

 கட்டில் காலி. புறவாசல் கதவு திறந்து கிடந்தது. அந்தப் பக்கமிருந்து மெல்லுகிற சத்தம் வந்தது. ஒரே சத்தம். கனமான சத்தம். மூன்று வாய்க்கு அவ்வளவு கனம் வராது.

முத்துராணி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். தொழுவைப் பார்த்தபடி. கண் சொருகியிருந்தது. தாடை இடது பக்கம் போனது. வந்தது. இடது பக்கம் போனது.

"என்னட்டி மெல்லுத? துப்பு. துப்புட்டி!"

துப்பவில்லை. நிறுத்தினாள். தொழுவிலும் நின்றது. விழுங்கினாள். அமைதி. மழைச் சொட்டு ஒன்று அண்டாவில் விழுந்தது. பிறகு, மகளின் வெளுத்த தொண்டையில், தாலிக்கயிற்றைத் தள்ளிக்கொண்டு, ஒன்று கீழிருந்து மேலே ஏறியது.

 சுடலைவடிவு மகளின் முன்னால் சரிந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. வயிற்றில் இருப்பது இருக்கிறதா, போய்விட்டதா. வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டாள். இடது உள்ளங்கையை மகளின் வயிற்றில் வைத்தாள். சூடாக இருந்தது. காத்திருந்தாள். ஒன்றுமில்லை. சாமியெல்லாம் நினைவுக்கு வந்தது. ஒன்றுமில்லை.

அசைந்தது.

"இருக்கு" என்றாள். குரல் உடைந்து அழுகை வந்தது. "எம்மா, தாயே, உசிரோட இருக்கு. பிள்ளை இருக்குட்டி."

மறுபடி அசைந்தது. மறுபடியும். உதை இல்லை. உதை என்றால் திடீரென்று வந்து எங்கேயாவது முட்டும். இது ஒரே இடத்தில். ஒரே அளவில். இடது பக்கம் போனது. வந்தது. இடது பக்கம் போனது.

அவள் அழுகை நின்றது. கையை எடுக்க நினைத்தாள். எடுக்க முடியவில்லை.

முத்துராணி நிறுத்தினாள். மாடுகள் நிறுத்தின. உள்ளங்கைக்கு அடியிலும் நின்றது. இருட்டில் எல்லாம் ஒன்றாக விழுங்குகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து ஐந்து வாயும் சேர்ந்து அசை போட ஆரம்பித்தன.